தெரியாது என்றவள்

“நீ தெரியாது எண்டு சொல்லி நான் ஒரு நாளும் கேக்கல்ல. உனக்கு உண்மையாவே எல்லாம் தெரியுமா, இல்ல சமாளிக்கிறியா?”

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள் இப்படிக் கேட்டபோது, நாங்கள் இருவரும் ஆய்வு உதவியாளர்களாகச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கேலியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. சோற்றுப் பார்சலை மேசையில் விரித்து, மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“தெரியாததத் தெரிஞ்சுகொள்ளத்தானே இஞ்ச வந்திரிக்கம்” என்றேன்.

“அப்ப சமாளிப்புத்தான்” என்றாள். பிறகு அடுத்த முள்ளைத் தேடினாள்.

அவளைப் பற்றி எழுதுவதென்றால் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். மணி என்ன என்று கேட்டால் மற்றவர்கள் மணி சொல்வதைப் போல அவள் ‘தெரியாது’ சொல்வாள். குரல் தாழாது. மன்னிப்புக் கேட்கும் சிரிப்பு வராது. முதலாம் வருட மாணவன் கேட்டாலும் அதே குரல், பீடாதிபதி கேட்டாலும் அதே குரல். கன்ரீனில் இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால்கூட, தானே போய்ப் பார்த்திராவிட்டால், தெரியாதுதான். “மணம் வருதேகா, கணவாய்தானே?” என்று நான் கேட்பேன். “மணந்தான் வருது” என்பாள்.

என் வயதுதான் அவளுக்கும். மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம். தகப்பன் பட்டறை வைத்திருந்தார். வெல்டிங் வேலையும் படகு இயந்திரம் திருத்துவதும் அங்கே நடந்தன. சின்ன வயதில் பட்டறையில் ஓடித் திரிந்தபோது பட்ட தீப்பொறிகளின் தடம், அவளுடைய இடது முன்கையில் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது. தாய் ஆசிரியை. தாயின் தாயும் ஆசிரியை என்று ஒருமுறை சொன்னாள்.

எனக்கு ஊர் ஆரையம்பதி. அப்பா வாவியில் வலை போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் வீட்டில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்குப் பஞ்சமிருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதும் இடத்திலும் தபால் கந்தோரிலும் கிராம சேவகர் முன்னாலும் அம்மா, “எனக்குத் தெரியா ஐயா, நீங்களே எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். எழுதுகிறவர் நிமிர்ந்து அம்மாவை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே எட்டு வயதில் படிவங்களை நான் நிரப்பத் தொடங்கினேன். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. ஒருமுறை அம்மாவின் இரத்த வகையைக் கேட்ட கட்டத்தில் என்னுடைய வகையை எழுதினேன். தாய்க்கும் மகளுக்கும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நல்ல காலம், அதை யாரும் பயன்படுத்த நேரவில்லை.

இந்தக் கதையை அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் கேட்ட கேள்விக்கு அதுவே சரியான பதிலாக இருந்திருக்கும்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயலில் புல்லுக்கு அடிக்கும் மருந்து ஒன்று, வாய்க்கால் வழியாக வாவிக்கு வந்தபின், வெயில் பட்டால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. தண்ணீரில் அதை அளந்து பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. கொழும்பில் இருக்கிறது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணித்துப் பார்ப்பதற்கு ஒரு நல்ல கணினி போதும். அது எங்கள் அறையில் இருந்தது. அறையிலிருந்த ஏசியும் அதற்காகத்தான், எங்களுக்காக அல்ல.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு ஒரு மேல் நிலைக்கு ஏறிவிடும். அங்கே நெளிந்து முறுகி, மேல் நிலையும் கீழ் நிலையும் ஒட்டிக்கொள்ளும் ஓரிடத்துக்கு வரும். அங்கிருந்து கீழே விழும். விழும்போது ஒரு பிணைப்பு அறுந்து துண்டாகலாம். அல்லது வாங்கிய ஒளியை வெப்பமாகக் கொடுத்துவிட்டுப் பழையபடி முழு மருந்தாகவே நிற்கலாம். துண்டானால் வாவிக்கு நல்லது. முழுதாக நின்றால் மருந்து மருந்தாகவே தண்ணீரில் கிடக்கும்.

இந்தப் பயணம் கண் இமைப்பதற்குள் கோடி முறை நடந்து முடியக்கூடியது. குவாண்டம் விதிகளின்படி அதை அடியடியாகக் கணித்துக்கொண்டு போனால் எங்கள் ஒரு கணினிக்கு ஆயுள் போதாது. ஆகவே மூலக்கூறின் சில ஆயிரம் வடிவங்களுக்கு மட்டும் முறையாகக் கணித்து, அந்த விடைகளைப் பாடமாக ஒரு கணினி மொடலுக்குப் படிப்பிக்கிறோம். மிச்சத்தை அது நொடியில் சொல்லும். அது பிழை சொன்னால்? அதற்காகத்தான் ஒன்றுக்குப் பதில் நாலு மொடல். நாலுக்கும் ஒரே பாடத்தைத் தனித்தனியாகப் படிப்பிப்போம். நாலும் ஒரே விடை சொன்னால் மேலே போகலாம். விடைகள் விலகினால் அந்த இடத்தில் நிறுத்தி, முறையாகக் கணித்து, அதையும் பாடத்தில் சேர்ப்போம்.

“மொடலுக்குத் தெரியாது எண்டு சொல்லத் தெரியாது” என்று அவள் ஒருநாள் சொன்னாள். “நாலு பேர ஒண்டா இருத்தி வெச்சு, அவங்கட வாயில இருந்து அதப் புடுங்க வேண்டி இரிக்கு.”

மருந்தின் மூலக்கூறு என் பங்கு. அது உடைந்தால் வரும் துண்டுகள் அவள் பங்கு. இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதுவதாக எங்கள் விரிவுரையாளர் திட்டமிட்டிருந்தார். அவரை நாங்கள் சேர் என்போம்.

ஒரு பின்னேரம் நகரத்து பஸ் நிலையத்தில் நின்றோம். வயதான ஒருவர் பையுடன் வந்து, “மகள், இந்த பஸ் வாழைச்சேனை கடதாசி ஆலையடியில நிக்குமா?” என்று கேட்டார்.

“நிக்கும், ஏறுங்க” என்றேன். அவர் ஏறப் போனார்.

அவளோ, “பொறுங்க அங்கிள், எனக்குத் தெரியா, கேட்டுட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைச் சுற்றிப் போய், தேநீர் குடித்துக்கொண்டிருந்த நடத்துனரைக் கண்டுபிடித்துக் கேட்டு வந்தாள். நிற்கும்தான். அதற்குள் யன்னலோரத்து இருக்கைகள் எல்லாம் போய்விட்டன. பெரியவர் நின்றுகொண்டே பயணம் செய்தார்.

“நான் சொன்னது சரிதானே?” என்றேன்.

“சரிதான். உனக்குத் தெரியாமலே சரி” என்றாள்.

அன்றைக்கு எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. பெரியவருக்கும் இருந்திருக்கும்.

இன்னொரு சம்பவம். பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழியைப் பதிவு செய்வதற்காக வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். யாரோ அவளைக் காட்டிவிட, எங்கள் அறைக்கே வந்து மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார். ஒரு சொல்லைச் சொல்லி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தெரியாது. அடுத்த சொல். அதுவும் தெரியாது. ஏழெட்டுச் சொல்லுக்குப் பிறகு அவர் கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தகப்பனின் பட்டறைக்குப் போனேன். ஓர் இயந்திரத்தின் இரு பக்கமும் குந்தியிருந்து தகப்பனும் மகளும் அதே மொழியில் சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மனிசனுக்குத் தெரியாதெண்டு சொன்னியே?” என்றேன்.

“அவர் கேட்ட சொல்லெல்லாம் எனக்குக் கிட்டத்தட்டத்தான் தெரியும். கிட்டத்தட்டச் சொன்னா அவர் எழுதிக்கொண்டு போயிருவார். மறுகா அதுதான் சரியெண்டு புத்தகத்தில நிண்டிரும். எங்கட ஆக்களே அதப் பாத்துப் படிப்பாங்க.”

“தெரிஞ்ச சொல்லச் சொல்லியிருக்கலாமே?”

“அவர் அதக் கேக்கல்லயே.”

இதில் எது நேர்மை, எது பிடிவாதம் என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் அந்தப் பயணத்தில் எத்தனை பேரைச் சந்தித்தாரோ, அவள் தந்திருக்கக்கூடிய சொற்கள் மட்டும் அவருடைய பையில் இல்லை.

காலையில் வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, இரவில் ஓடி விடை வராமல் நின்றுபோன கணக்குகளைத் திறப்பது. குவாண்டம் கணக்குகளில் சில ஒரு முடிவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். அவற்றைச் ‘செத்ததுகள்’ என்பாள். “முதல்ல செத்ததுகளப் பாப்பம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, மூலக்கூறு எந்த வடிவத்தில் இருந்தபோது கணக்கு நின்றது என்று ஒரு கொப்பியில் பென்சிலால் வரைவாள். படம் வரையும் கை அவளுக்கு இல்லை. பக்கம் முழுக்கக் கால் உடைந்த நண்டுகள் போல இருக்கும். இதற்கே அரை நாள் போய்விடும்.

எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. விடை வராத கணக்கைத் தானாகவே கண்டுபிடித்து கணினியிலேயே வேறோர் கோப்பு அடைவில் தள்ளிவிடும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். அடைவின் பெயர் ‘கழிவு’. காலையில் வரும்போது என் பக்கம் சுத்தமாக இருக்கும். அவள் ஒரு கிழமையில் செய்வதை நான் ஒரு நாளில் செய்தேன். சேர் அந்த நிரலைப் பாராட்டினார்.

“உன்ட செத்ததுகள் எங்க?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அதெல்லாம் குப்பகா. ஆயிரக்கணக்கில நல்லது இரிக்கு.”

“என்ன மாதிரிக் குப்ப?”

“குப்பையில என்ன மாதிரி? குப்பதான்.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்தவர் மேசையைக் கிளறும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

ஆறு மாதத்தில் என் விடை வந்தது. ஒளி பட்ட மருந்து கணினியின் ஏறக்குறைய ஒவ்வொரு ஓட்டத்திலும் உடைந்தது. நாலு மொடலும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒன்றுக்கொன்று விலகவே இல்லை. சேர் மகிழ்ந்து போனார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், கட்டுரை வெளிவரட்டும், ஆய்வு மாணவியாக எடுத்துக்கொள்வது பற்றிப் பேசலாம் என்று எனக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கடதாசியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வட்டை எனப்படும் வயல்வெளி ஒன்றின் விவசாயிகள் கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. சேருக்குப் போக முடியவில்லை. எங்கள் இருவரையும் அனுப்பினார். அந்த வட்டையின் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு வட்டவிதானையாருடையது. வெள்ளைச் சாரம் உடுத்திய, குரல் பெரிய மனிதர். மருந்து அடித்த வயலின் தண்ணீரைப் பத்து நாள் மறித்து வைத்து, பிறகுதான் வரம்பில் தண்ணீர் விடும் வழியான வக்கடையைத் திறந்து வாய்க்காலுக்கு விடுவது அங்கே கட்டுப்பாடாக இருந்தது. அந்த வாய்க்கால் வாவியில் போய் விழுகிறது. பத்து நாள் மறிப்பதில் பலருக்குக் குறை. பயிர் அழுகுகிறது என்றார்கள். கீழ் வயலுக்குத் தண்ணீர் பிந்துகிறது என்றார்கள்.

நான் படங்களைக் காட்டிப் பேசினேன். வெயில் பட்டால் மருந்து உடைந்துவிடும் என்றேன். வட்டவிதானையார் எழுந்தார்.

“எல்லாம் சரி புள்ள. எத்தன நாளையில உடையும்?”

என் கணக்கில் நாட்கள் இல்லை. ஒளி பட்ட மூலக்கூறுகளில் எத்தனை பங்கு உடையும் என்பதுதான் இருந்தது. அதை நாட்களாக்க வேண்டுமென்றால் தண்ணீரின் ஆழம், கலங்கல், வானத்து மப்பு எல்லாம் தெரிய வேண்டும். ஒரு கடதாசியில் உத்தேசமாகப் போட்டுப் பார்த்திருந்தேன். மண்டபத்தில் நூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் என் அப்பாவைப் போன்றவர்கள்.

“மூண்டு நாள்” என்றேன்.

மண்டபம் கலகலத்தது. முன்வரிசையில் ஒருவர் அவள் பக்கம் திரும்பி, “இந்தப் புள்ளயும் அதத்தானே சொல்லுது?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியா” என்றாள்.

“ரெண்டு பேரையும் ஒரு கெம்பஸ்தானே படிப்பிச்ச?”

“ஓம்.”

“அப்ப ஒராள்தான் படிச்சிரிக்கா போல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தச் சொற்சித்திரத்தில் வேறெதை விட்டாலும் அதை விட முடியாது. அவள் சிரிக்கவுமில்லை, முகம் கறுக்கவுமில்லை. கேள்வி முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது வாவியைப் பாதையில் கடந்தோம். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். நடு வாவியில் நான் தொடங்கினேன்.

“நான் என்ன பொய்யா சொன்னன்?”

“பொய்யெண்டு நான் சொல்லல்ல. தெரியாதெண்டுதான் சொன்னன்.”

“என்னட்டத் தனியச் சொல்லியிருக்கலாமே?”

“அவர் கேட்டது அங்க வெச்சுத்தானே?”

“உனக்கு அது லேசு. நீ தெரியாதெண்டு சொன்னா, அடக்கமான புள்ள எண்டுவாங்க. நான் சொன்னா, இதுக்கா தகப்பன் வல இழுத்துப் படிப்பிச்சான் எண்டுவாங்க. உங்கட வீட்டில ரெண்டு தலமுறையா ரீச்சர்மார். எங்கட வீட்டில அந்தச் சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதவை கரை தட்டியது. இறங்கும்போது, “நீ சொல்லுறது சரியா இரிக்கும்” என்றாள். “அது எனக்கு விளங்காம இருந்தது.”

அடுத்த வாரம் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி சேருக்கு எழுதினாள். தான் பார்க்காத இடம் அதில் இருக்கிறது என்பதுதான் அவள் சொன்ன காரணம். சேர் சமாதானம் செய்து பார்த்தார். நான் செய்யவில்லை. என் பெயரும் சேரின் பெயரும் மட்டும் மிஞ்சியதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவள் ஒஸ்திரேலியா போகப் போகிறாள் என்று கன்ரீனில் பேச்சு வந்தது. நேரில் கேட்டேன். “தெரியா” என்றாள். ஒரு மாதத்தில் குடும்பத்தோடு போய்விட்டாள். பட்டறையை விற்று, விசாவுக்கான கடதாசி எல்லாம் எப்போதோ கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு முறை அவள் சொன்னது உண்மையான ‘தெரியாது’தானா, இல்லை எல்லோரும் சொல்லும் ‘தெரியாது’தானா? விசா கைக்கு வரும்வரை அது அவளுக்குத் தெரியாத விசயமாகவே இருந்திருக்கலாம். என்னிடம் சொல்லப் பிரியமில்லாமலும் இருந்திருக்கலாம். கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள்.

கட்டுரையை வாசித்த மதிப்பீட்டாளர் ஒருவர் சிறிய விசயம் ஒன்றைக் கேட்டிருந்தார். மேல் நிலையும் கீழ் நிலையும் ஒட்டும் இடத்தில் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் சேர்க்க முடியுமா? பத்து நிமிட வேலை. படிப்பித்த பாடத்துக்குள் போய், இரு நிலைகளும் மிக நெருங்கிய வடிவங்களை எடுத்துத் தரும்படி கணினியைக் கேட்டேன்.

ஒன்றும் வரவில்லை.

எல்லையைத் தளர்த்திக் கேட்டேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. சில ஆயிரம் வடிவங்களில் ஒன்றுகூட அந்த இடத்துக்குக் கிட்டவும் போகவில்லை. மூலக்கூறு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. விழும் இடம் பாடத்திலேயே இல்லை.

பிறகு ‘கழிவு’ அடைவைத் திறந்தேன். எல்லாம் அங்கே இருந்தன.

குவாண்டம் கணக்கு நின்றுபோவது கண்டபடி அல்ல. இரு நிலைகளும் ஒட்டுமிடத்துக்கு வரவர, எது மேல் எது கீழ் என்று பிடிபடாமல் கணக்கு தடுமாறும். நின்றுபோனவற்றில் பெரும்பங்கு அந்த ஓரிடத்தைச் சுற்றியவை. என் நிரல் அவற்றைப் பிழையில்லாமல் பொறுக்கி வெளியே தள்ளியிருந்தது. நாலு மொடலும் ஒத்துப்போனதற்கும் காரணம் இதுதான். நாலு பேரும் ஒரே வகுப்பு. முக்கியமான பாடம் நடந்த அன்றைக்கு நாலு பேரும் வரவில்லை. அந்த இடத்துக்கு வந்தபோது நாலும் தங்களுக்குத் தெரிந்த சரிவை அப்படியே நீட்டிக்கொண்டு போய், பிணைப்பை அறுத்து, கைதட்டு வாங்கியிருக்கின்றன.

நின்றுபோனவற்றில் ஐந்தை எடுத்து, பாரமான வேறொரு முறையில் கணித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் பிடித்தது. ஐந்தில் மூன்று உடையவில்லை. மருந்து முழுதாகவே திரும்பி வந்தது. ஐந்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சேரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். ஐந்து விடைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

“கட்டுரைய மீளப் பெறுவம். அது பிரச்சினையில்ல. உங்களுக்கு வெளிநாட்டு இடம் பிந்தும். அதுவும் பாத்துக்கொள்ளலாம்.”

“கூட்டத்தில சொன்னது சேர்?”

“அது சும்மா ஒரு விழிப்புணர்வுக் கூட்டந்தானே. அவங்க அதெல்லாம் ஞாபகம் வெச்சிரிக்க மாட்டாங்க.”

அவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். போன கோடைப்போகத்திலேயே மூன்று நாள் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டதாம். மாரிப்போகத்துக்கு மருந்து அடிக்கத் தொடங்கி விட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பாதையில் ஏறிப் படுவான்கரைக்குப் போனேன். வட்டவிதானையார் வரம்பில் நின்றார். விசயத்தைச் சொன்னேன். செத்த கணக்கு, நாலு மொடல் ஒன்றையும் சொல்லவில்லை. நான் பார்த்ததில் பிழை இருக்கிறது, மூன்று நாள் என்று சொன்னது சரியில்லை என்றேன்.

“அப்ப எத்தன நாள் புள்ள? அஞ்சா, ஏழா?”

ஐந்து என்றால் அவர் கேட்டுக்கொள்வார். ஏழு என்றாலும் கேட்டுக்கொள்வார். இரண்டும் நாக்கு நுனியில் நின்றன.

“எனக்குத் தெரியா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பார்க்கும் அதே பார்வைதான். நான் நினைத்திருந்த அளவுக்கு அது நேரம் எடுக்கவில்லை.

“தெரியாதெண்டா பழையபடி பத்து நாள் மறிக்கட்டும்” என்றார். “நாலஞ்சு பேர் ஏற்கனவே வக்கடையத் திறந்துட்டானுகள். மத்தவனுகளுக்கு இண்டைக்கே சொல்லுறன். என்னத்தான் ஏசப் போறானுகள்.” இரண்டடி நடந்தவர் நின்று, “அண்டைக்கு உன்னோட வந்த வெள்ளப் புள்ள எங்க?” என்று கேட்டார்.

“ஒஸ்திரேலியாவில.”

“அதுவும் இதத்தானே சொன்னது? நாங்க சிரிச்சம்.”

ஓம் என்றேன்.

கோடையில் மீன் குறைந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும் என்றார். போன கோடையில் வாவிக்கு என்ன போனது என்பதை இனி யாராலும் அளக்க முடியாது. அவளுக்கு இதை எழுதவில்லை. எழுதினால், தான் சரி என்று அவள் நினைக்க மாட்டாள். என் கணக்கில் பிழை இருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை; தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தி எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுவாள்.

கட்டுரையை மீளப் பெற்றாயிற்று. வெளிநாட்டுப் பேராசிரியருக்குக் காரணத்தை எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. கழிவில் கிடந்த வடிவங்கள் ஒவ்வொன்றாகப் புது முறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கொழும்பு ஆய்வுகூடத்தில் இப்போதைக்கு ஆறு மாதிரிகளுக்கு மட்டும் இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை, வக்கடை திறந்த வயலின் கீழ் வாய்க்காலில் ஆறு கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் எடுத்தேன். மூன்றைப் பகலெல்லாம் வெயிலில் வைத்தேன். மூன்றை ஒளி படாதபடி ஈயத்தாளில் சுற்றிப் பக்கத்திலேயே வைத்தேன். மூன்று நாள் முடிந்ததும், அப்பா மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியைக் கழுவி, ஐஸ் போட்டு, போத்தல்களை நிமிர்த்தி அடுக்கி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினேன்.

இன்று காலை கொழும்பு பஸ்ஸின் நடத்துனர் பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மீன் தங்கச்சி? இறாலா?”

“தண்ணி.”

“தண்ணியா?”

“ஓம். சரிச்சிராதீங்க. அங்க ஒராள் வந்து எடுப்பார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியைச் சாரதிக்குப் பின்னால், வெயில் படாத பக்கமாகப் பார்த்து வைத்தார். பஸ் புறப்பட்டது.